கொண்டலுக்கு வாய் வைத்த புகைக்கூண்டு

ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு பழைய விறகடுப்பு இருந்தது. செங்கல் மேடை, அதன்மேல் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்கூண்டு. கேஸ் வந்தபிறகு யாரும் அதில் தீ மூட்டவில்லை. வெங்காயக் கூடையும் ஓட்டை குக்கரும்தான் அதில் குடியிருந்தன. அதை இடித்துவிட்டு அங்கே ஃப்ரிட்ஜை வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. ஃப்ரிட்ஜ் முன்னறையில் இருந்தது. ஒரு தக்காளி எடுக்கக்கூட டிவி பார்ப்பவர்களின் காலைத் தாண்டித்தான் அவள் வர வேண்டும். கேட்டது நியாயம்தான். நான் முடியாது என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். திருவொற்றியூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் உலைக்குள் செங்கல் பதிப்பது என் வேலை. எவன் எவன் உலையோ என் கையால் எரிகிறது. என் வீட்டு அடுப்பு மட்டும் வெங்காயத்துக்குக் காவல் இருப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை.

"மணலி ஃபேக்டரிப் புகை பத்தாதுன்னு வூட்ல வேற புகையா?" என்றாள். நான் விடாப்பிடியாக நிற்கவும் ஒரு நிபந்தனை போட்டாள். "மாசக் கடைசி ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி எங்க அம்மா வூட்டு ஆளுங்க சாப்ட வராங்க. உன் அடுப்புலதான் மீன் கொழம்பு வெப்பேன். வூட்டுக்குள்ள புகை வந்துச்சி, மறுநாளே இடிச்சிடணும். அப்பால பேச்சே கூடாது, இன்னா?"

"ஒரு பொட்டு புகை வராது, பாரு" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

வேலையை நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். காயலான் கடையில் பழைய ஃபயர் பிரிக்ஸ், அதாவது உலைச் சூட்டைத் தாங்கும் செங்கல் கிடைத்தது. கயிற்றின் நடுவில் துடைப்பத்தைக் கட்டிப் புகைக்கூண்டுக்குள் இறக்கினோம். மாடியில் நின்று ஒரு முனையை நான் இழுக்க, கீழே மறுமுனையை அவள் இழுத்தாள். கட்டுக்கம்பியில் கட்டிய காக்கைக்கூடு ஒன்று கரியோடு அவள் தலையில் விழுந்தது. திட்டுவாள் என்று இறங்கி ஓடினேன். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக, சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேலைவிட்டு வந்ததும் தினமும் கொஞ்சம் கட்டுவேன். அவள் அரிசி டின் மேல் உட்கார்ந்து செங்கல் எடுத்துக் கொடுப்பாள். பூச்சு ஈரமாக இருக்கும்போது தீயை ஏற்றினால் வெடித்துவிடும், சின்னத் தீயாகப் போட்டுக் காயவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். இவளுக்கு எதற்கு இந்தக் கதையெல்லாம் என்று தோன்றும். ஆனாலும் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள், நானும் பேசிக்கொண்டே இருப்பேன்.

கடைசி வேலை, புகைக்கூண்டின் உச்சியில் வளைந்த குழாய் வைப்பது. அவள் தம்பி காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். கடலிலிருந்து வீசும் கீழ்க்காற்றைக் கொண்டல் என்பான். குழாய் வாயை எந்தப் பக்கம் வைப்பது என்று அவனைக் கேட்டதற்கு, "மதியானம் கொண்டல் அடிக்கும் மாமு, கொண்டலுக்கு வெச்சிடு" என்றான். உலைக்காரன் புத்திக்கு அது எப்படிப் படும்? உள்ளே காற்று ஊதினால்தானே உலை எரியும்! குழாயின் வாயைக் கடலைப் பார்த்துத் திருப்பி இறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் குழம்பு கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் கடற்காற்று எழும்பியது. அவ்வளவுதான். புகை மொத்தமும் குழாய் வழியே திரும்பி வீட்டுக்குள் இறங்கியது. மாமியார் "மாதாவே!" என்று இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். மச்சான் மாடிக்கு ஓடினான், பின்னாலேயே நானும்.

"யோவ் மாமு, வாய ஏன்யா கடல் பக்கம் வெச்சிகீற?"

"நீதானடா கொண்டலுக்கு வெய்னு சொன்ன!"

"கொண்டலுக்கு வெய்னா, அதுக்கு முதுக காட்டி வெய்னு அர்த்தம்யா! எதிர்காத்துல யாராச்சும் வாயத் தொறப்பானா?"

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குழாயை அவனே மேற்கே திருப்பினான். கொஞ்ச நேரத்தில் புகை ஒழுங்காக மேலே ஏறிப் போயிற்று. குழம்பும் பிரமாதம், சட்டியில் மிச்சமில்லை. ஆனால் தோற்றது தோற்றதுதான்.

விருந்தாளிகள் போனதும் கடப்பாரையை எடுத்து வந்தேன். நாளை வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

"இன்னாத்துக்கு அது?" என்றாள்.

"புகை வந்துச்சில்ல. சொன்ன சொல்லு சொல்லுதான்."

"வந்துச்சி, போச்சி. இத்தினி வருசமா வேல வுட்டு வருவ, துன்னுவ, படுப்ப. இந்த ஒரு மாசமாத்தான் எங்கிட்ட பேசிக்கினு கீற. தக்காளிக்கு நாலு தபா நடந்தா என் காலு இன்னா தேஞ்சா பூடும்? வெய்யி அத கீழ."

வைத்தேன்.

"இன்னா அப்டியே நிக்கிற? ஏதாச்சும் பேசு" என்றாள்.

குழாய் வாயை ஏன் காற்றுக்கு முதுகு காட்டி வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்; அவள் அரிசி டின்னை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.