தம்பியின் பெயரில் நின்ற திரை

தம்பி குற்றால அருவி வெள்ளத்தில் போன மறுநாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கத் தென்காசியில் ஒரு கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்தவருக்கு நரைத்த தாடி, தடித்த கண்ணாடி. எதை அடித்தாலும் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, எழுத்துப்பிழை பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார். அந்தப் புரோகிராம் சந்தேகப்படும் சொல்லில் எல்லாம் நின்று, மாற்றவா விடவா என்று கேட்கும். தம்பியின் பெயரிலும் நின்றது.

"இதத் தப்புங்குதும்மா. பேர ஒருக்கா வாய்விட்டுச் சொல்லுங்க."

அவன் போனதிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"இசக்கிமுத்து, அண்ணாச்சி" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்று பெயரை அப்படியே விட்டார்.

நான் எழுதிக் கொடுத்த தாள் அவர் கண்முன்னேதான் கிடந்தது. பிறகு ஏன் கேட்டார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.