புதுச்சேரியில் கடைசி நாள், மரக்காணத்தில் மூன்று நிமிடம்

ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம், நான்கு பேர். மே மாதம் கடைசித் தேர்வு முடிந்ததும் வெள்ளிக்கிழமை கிளம்பி இரண்டு இரவு புதுச்சேரியில் தங்கினோம். இது மூன்றாம் நாளான ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பதிவு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போக நினைப்பவர்களுக்கு நேரக் கணக்காவது உதவும்.

திட்டம் இதுதான். காலை ஒன்பது மணி பஸ். பத்து மணிக்கு மரக்காணம், என் ஊர். உப்பளம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. ஒரு மணி பஸ்ஸில் அவர்கள் மூவரும் சென்னை போக வேண்டும். மாலை ஆறு மணிக்குள் ஹாஸ்டல் அறையைக் காலி செய்தாக வேண்டும். மூவர் வீட்டிலிருந்தும் ஆள் வந்து காத்திருப்பார்கள். என் பெட்டியை நான் முன்பே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள். போனில் நான் சொல்லிச் சொல்லி மூவரையும் அவளுக்குத் தெரியும், குரல் உட்பட. நேரில் பார்த்தது மட்டும் இல்லை. அவர்கள் ஒரே ஒரு வேளை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது எனக்கு மூன்று வருட ஆசை. அன்று அம்மா வேலைக்கும் போகவில்லை.

காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தோம். ஏழரை வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை, அதனால் சாலையே நமக்குத்தான். மஞ்சள் சுவர் வீதிகளில் படம் எடுக்கவும் அதுதான் நல்ல நேரம். எட்டரைக்கு டிபன் முடிந்தபோது பவித்ரா, "சண்டே மார்க்கெட்ட பாக்காம போனா பாவம்டி" என்றாள். காந்தி வீதியில் கடை விரிப்பதே ஒன்பதுக்கு மேல்தான். ஷாகிராவுக்குச் செருப்பு அளவு கிடைக்கவில்லை. நான்சி தம்பிக்குச் சட்டை தேடினாள். நான் இரண்டு முறை "போலாமா?" என்று கேட்டேன். சந்தை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் முறை கேட்டிருக்கலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கடைசி நாள் வேறு.

பஸ் ஏறும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

கூனிமேடு தாண்டியதும் நான்சி போனில் நேரம் பார்த்தாள். "அரை மணி நேரம் இறங்கிட்டு அடுத்த பஸ்ஸ புடிக்கலாம்ல?"

"அடுத்தது நிக்காம போனா? வார்டன் பெட்டிய ரோட்ல வெச்சிடும்" என்றாள் பவித்ரா. பிறகு என்னைப் பார்த்து, "சாரிடி. நான்தான் மார்க்கெட்னு ஆரம்பிச்சேன்."

"பரவால்ல, இன்னொரு நாள் வாங்க" என்றேன். பவித்ரா கோயம்புத்தூர், ஷாகிரா வேலூர், நான்சிக்கு ஹைதராபாத்தில் வேலை. எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, அவர்கள் இறங்கவில்லை என்றேன். "பஸ்ஸு நிக்கும்ல? வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

மரக்காணத்தில் நான் இறங்கும்போது, பொங்கலுக்கு எடுத்த புடவையில் அம்மா மூச்சு வாங்க நின்றிருந்தாள். ஒரு கையில் இறால் தொக்கும் சோறும் கட்டிய தூக்கு. இன்னொரு கையில் ஜவுளிக்கடைக் கவரில் உப்பு. ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "இதுல நான்சி எது?" என்றாள்.

"நான்தாம்மா!"

தூக்கு உள்ளே போனது. நான்சி உப்புக்கும் கையை நீட்டினாள். அம்மா வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "கையில குடுக்கக் கூடாதும்மா. சண்டை வந்துடும்."

"இவகூடயா சண்டை? வாயே தொறக்க மாட்டா!" என்று பவித்ரா என்னைக் காட்டிக் கத்தினாள்.

உப்பைக் கீழே வைத்து, வாங்குகிறவர் தானாக எடுத்துக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கிளம்பப் போகிற பஸ்ஸில் எங்கே வைப்பது? அம்மா படிக்கட்டில் வைத்தாள்.

"இன்னாம்மா நீ, படியில வெக்கிற? யார்னா மிதிச்சிட்டா?" கண்டக்டர் தன் சீட்டிலிருந்த பையைத் தூக்கினார். "இது மேல வை. அந்தப் பொண்ணு வந்து எடுத்துக்கட்டும். சீக்கிரம்!"

அம்மா வைத்தாள். நான்சி இடித்துப் பிடித்து வந்து எடுத்தாள். எடுத்த பிறகும் அங்கேயே நின்று அம்மாவைப் பார்த்தாள். கண்டக்டர் அதற்கும் கொஞ்சம் பொறுத்துத்தான் விசில் கொடுத்தார்.

வீட்டில் பாய் விரித்திருந்தது. நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். "நான்சி இளைச்சிட்டா" என்றாள் அம்மா, அப்போதுதான் முதல்முறை பார்த்தவளைப் பற்றி. "போட்டோல பூசினாப்ல இருந்தா." வேலூர்க்காரி முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று இரண்டு முறை சொன்னாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். மரக்காணத்தைத் தாண்டிச் சென்னைப் பக்கம் போனதும் சாலையோரம் உப்பளங்கள் வரும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெண்மையில் கண் கூசும். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், வரப்பில் நடக்கும் முன் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் வந்தால் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

இன்னொன்று. போகிற வழியில் தோழியின் ஊர் இருந்தால், அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நாங்கள் போன பஸ்ஸும் மரக்காணத்தில் நின்றது. திரும்பி வரும்போது இறங்கிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.