விழும் என்று சொன்னவர்

"மல்லிகா அக்கா இயற்கை எய்தினார்" என்று போன வாரம் அவர் ஊரான நகரியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இப்படிப் பூசி மெழுகுகிற சொற்களே அக்காவுக்கு ஆகாது. பார்த்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

திருப்பதியில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு, தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். காலையில் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டியபின் யாரும் 'விழும்' என்று சொல்லக் கூடாது. சரிகிற பங்கைக்கூட 'இளைப்பாறுது' என்பார்கள். அதை நம்பி விற்காமல் இருந்து, கையைப் பிசைந்தவர்கள் எத்தனையோ பேர்.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வைத்திருந்த ஒரு நூற்பாலைப் பங்கின் வரைபடத்தில் மூன்று மேடுகள் எழுந்தன. நடுமேடு உயரம், இருபுறமும் தணிவு. தலையும் தோளும் என்பார்கள். அடியில் ஓடும் கோடு கழுத்து. அதை உடைத்துக்கொண்டு விலை இறங்கினால் பெரும்பாலும் இன்னும் இறங்கும். நான் உடனே விற்கச் சொல்லலாம் என்றேன். "உருவத்த பாத்துட்டு குதிக்காத. கழுத்து ஒடையட்டும்," என்றார் அக்கா. மறுநாள் சந்தை முடியும்போது உடைந்தது. எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இது விழும். வச்சிக்கினு இருக்கறவங்க வித்துடுங்க."

"அம்மா, ஆ மாட்ட அனகண்டி," அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று முதலாளி தெலுங்கில் பதறினார். இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்தால் வேலை கிடையாது என்றார்.

"ஏறும்போது மட்டும் சொல்லணும், எறங்கும்போது வாய மூடிக்கினு இருக்கணுமா? அந்த வேல எனக்கு வாணாம் சார்."

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். பங்கு விழுந்தது.

பிறகு நகரி வீட்டிலிருந்தே வியாபாரம் செய்தார். இறங்கும் என்று தெரிந்த பங்கைக் கையில் இல்லாமலே முதலில் விற்பார், இறங்கியபின் குறைந்த விலைக்கு வாங்கிக் கணக்கை முடிப்பார்; இடையிலுள்ள வித்தியாசம் லாபம். கணிப்பு தப்பியதும் உண்டு. கோட்டுக்கு மேலே விலை திரும்பினால் அன்றே நஷ்டத்தோடு வெளியே வந்துவிடுவார். "தப்பா பாத்துட்டேன். வா, டீ குடிக்கலாம்," அவ்வளவுதான்.

சாவு வீட்டில் ஒருவர், "ஊரு நஷ்டத்துல துன்னவ," என்று முணுமுணுத்தார். அன்று அக்கா பேச்சைக் கேட்டு விற்றுத் தப்பித்தவர் அவர். அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். இன்னும் யாருக்காவது அப்படித் தோன்றினால் என்னிடம் வரட்டும்.

கடைசியாக அவரைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள், "தேறிக்கினு வர்ற," என்றார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. எப்படி கீறேன்?"

"கீழதான் போய்க்கினு கீது அக்கா."

எல்லோரும் என்னை முறைத்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாடா. எம் பொண்ண வரச்சொல்லு, பேசணும்."

பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அந்தப் பேச்சு போதும் எனக்கு என்று பிறகு அந்தப் பெண் சொன்னாள்.

உள்ளதை உள்ள பெயரால் சொல்லும் அந்த வாயைத்தான் அக்காவிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆகவே சொல்கிறேன். மல்லிகா அக்கா செத்துப்போனார். எனக்குத் தாங்கவில்லை.