தாய்மொழி என்ற கட்டம்

மாதம்மாள் யார் என்று எங்கள் கல்லூரியில் கேட்டால், மணி அடிக்கிறவள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படி முடிக்க யோக்கியதை இல்லை. நான் தனசேகரன். கண்ணமங்கலத்துக்காரன். மலையடிவாரத்தில் இருக்கும் இந்த அரசு கலைக் கல்லூரி ஆபீசில் இருபத்தாறு வருடம் நாற்காலி தேய்த்து, இப்போது கண்காணிப்பாளராக இருக்கிறேன். சிடுமூஞ்சி என்று எனக்குப் பெயர். அது பொய்யில்லை.

அவள் பிறந்தது ஜவ்வாது மலைமேல், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா வேடியப்பன் சாமை போடுகிறவர். மலையிலேயே விடுதிப் பள்ளியில் தங்கி பன்னிரண்டாவது முடித்தாள். அந்த ஊரில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். அதற்கு மேல் படிக்கவில்லை. கல்யாணம் ஆனது, ஒரு பெண் குழந்தை பிறந்தது, புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். இவள் சந்தவாசலுக்கு இறங்கி வந்து வாடகைக்கு வீடு பிடித்தாள். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரியில் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்தாள். மணி அடிப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, ஃபைல் தூக்குவது. அதிகம் பேச மாட்டாள். நான் கத்தினாலும் பேச மாட்டாள், அதனாலேயே இன்னும் கத்துவேன்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. ஜூன் மாதம் சேர்க்கை தொடங்கினால் போதும், கவுன்டர் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். மலையிலிருந்து வரும் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, "தாய்மொழி இன்னா போட்டுக்கீற?" என்று கேட்பாள். விண்ணப்பத்தை வாங்கி அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்பாள், திருப்பிக் கொடுப்பாள். வேறு எதையும் பார்ப்பதில்லை.

"உன்ன யாரு இங்க அதிகாரியா வெச்சது? போய் மணி அடி" என்று விரட்டுவேன். போய் அடித்துவிட்டுத் திரும்பி வந்து நிற்பாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற ஜாதி என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மலைவாழ் மாணவர் ஏன் கல்லூரிக்கு வருவதில்லை, வந்தாலும் ஏன் நிற்பதில்லை, காரணம் எழுதி அனுப்பு என்று மேலிடத்திலிருந்து வருடா வருடம் கடிதம் வரும். பதில் எழுதுவது நான். 'பெற்றோரிடையே விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு வருடம் எழுதினேன். அடுத்தடுத்த வருடங்களில் தேதியை மட்டும் மாற்றினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சேர்க்கையின் கடைசி நாள். மத்தியானம் மூன்று மணிக்கு கோகிலவாணி என்ற பெண்ணும் அவள் அம்மா சாந்தம்மாளும் வந்தார்கள். மலையில் ஷேர் ஜீப் பஞ்சராகி, பாதி தூரம் நடந்தே இறங்கியிருந்தார்கள். பெண்ணுக்கு நல்ல மார்க். தாவரவியலில் பழங்குடியினருக்கான ஒரு இடம் காலியாக இருந்தது. நான்கு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். மூடினால் அந்த இடம் வேறு பிரிவுக்குப் போய்விடும்.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. தேடினேன். வேற்றுமொழிப் பட்டியலில் கிடந்தது. முதல் மொழிப்பாடம் மலையாளம், இந்தக் கல்லூரியில் அந்தப் பாடம் இல்லை, ஆகவே நிராகரிப்பு.

"கேரளாவா?" என்றேன்.

"இல்லீங்க. மலைங்க" என்றாள் அந்தப் பெண்.

இந்த மலையில் இருக்கும் பழங்குடிக்கு அரசாங்க ஏட்டில் பெயர் மலையாளி. மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்வார்கள். பேசுவது தமிழ், எங்கள் ஊர்த் தமிழ்தான். விண்ணப்பத்தை நிரப்பிய பிரவுசிங் சென்டர்காரன் இனம் மலையாளி என்று பார்த்தான், தாய்மொழி மலையாளம் என்று தட்டிவிட்டான், மொழிப்பாடமும் அதுவே ஆகிவிட்டது. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், இவனுக்கு நன்றாகவே நுழைந்திருக்கிறது. சாந்தம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் திரையை அவன் காட்டவில்லை.

"இன்னிக்கினு பாத்து மாதம்மா கவுன்டர்ல இல்ல பாரு" என்று முணுமுணுத்தேன். அவள் அப்போது பரீட்சை ஹாலில் பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்தாள். ஆள் அனுப்பி வரவழைத்தேன். ஏன் வரவழைத்தேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

எல்லோரும் முதல்வர் அறைக்குப் போனோம். முதல்வர் ரேணுகாதேவி நல்ல மனுஷி, ஆனால் தணிக்கைக்குப் பயந்தவர்.

"பன்னிரண்டாவதுல தமிழ் படிச்சிருக்கா, சரி. வேற மாநிலத்துப் பசங்களும்தான் இங்க தமிழ் படிக்கறாங்க. விண்ணப்பத்துல இருக்கறத நான் மாத்தினா, எதை வெச்சு மாத்தினேன்னு கேப்பாங்க. தாய்மொழிக்குச் சான்றிதழ் இருக்கா?"

யாரிடம் இருக்கும்? தாசில்தாரே தன் தாய்மொழிக்குச் சான்றிதழ் காட்ட மாட்டார்.

சாந்தம்மாள் கும்பிட்டாள். "நாங்க பேசறது தமிழுதானுங்க. இதோ, இப்பக் கூட பேசறேனுங்களே" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று நாற்பது.

மாதம்மாள் வெளியே போனாள். தண்ணீர்க் குடம் வைக்கும் அறையில் அவள் பை இருக்கும். அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டு வந்து முதல்வர் மேசைமேல் வைத்தாள். உள்ளே பழைய விண்ணப்பம் ஒன்று. இதே கல்லூரியுடையது, பதின்மூன்று வருடத்துக்கு முந்தையது. ஆன்லைன் வருவதற்கு முன்னால் நாங்கள் பேனாவால் நிரப்பிய காலம். பெயர் வே. மாதம்மாள். இனம் மலையாளி. தாய்மொழி மலையாளம். மேலே சிவப்பு மையில் 'கோரிய மொழிப்பாடம் இல்லை, திருப்பி அனுப்பப்படுகிறது'.

"இது புதுசா நடக்கற தப்பு இல்லீங்க, மேடம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முதல்வர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே இருந்த சுருக்கொப்பம் கோழி கிளறின மாதிரி இருந்தது. "இத நிரப்பினது யாரு? அவங்க இப்ப இருக்காங்களா? இருந்தா எழுதித் தரட்டும், நான் இந்தப் பொண்ண சேத்துக்கறேன்" என்றார்.

எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. அந்தக் கிறுக்கலை என்னைத் தவிர ஒருவரும் படிக்க முடியாது. முழுப் பூசணிக்காயை மறைக்க என்னிடம் வேண்டிய அளவு சோறு இருந்தது. சாந்தம்மாளின் காலைப் பார்த்தேன். முட்டிவரை செம்மண்.

"என் கையெழுத்துங்க, மேடம்" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இனத்தின் பெயரைப் பார்த்து விசாரிக்காமல் தாய்மொழியை நிரப்பியவன் நான், இப்பகுதியில் இது வழக்கமாக நடக்கும் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று ஐம்பத்தைந்துக்கு கோகிலவாணி பெயர் ஏறியது. இப்போது இரண்டாம் வருடம் முடித்துவிட்டாள்.

பிறகு முதல்வர் பழைய கட்டுகளைப் பிரிக்கச் சொன்னார். அதேபோல் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களின் பதிவு பதினேழு கிடைத்தது. ஆறு என் கையெழுத்து. அந்த வருடம் மேலிடத்துக்குப் போன பதிலில் விழிப்புணர்வு என்ற வார்த்தை இல்லை. பதினேழு பெயரும் போயின. நிராகரிக்கும் முன் ஒரு போன் செய்து கேட்க விதி வேண்டும், விண்ணப்பத்திலேயே இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரி வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. எங்கள் கல்லூரியில் மட்டும் போன் செய்துவிட்டுத்தான் நிராகரிக்கிறோம். ஜூன் மாதத்தில் மாதம்மாளுக்குக் கவுன்டருக்குள் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. மணியை நான் அடிக்கிறேன்.

அவளுக்கு ரெகுலர் கல்லூரிக்கு வயது தாண்டிவிட்டது. அதை எந்த மனு எழுதியும் சரிசெய்ய முடியாது.

கோகிலவாணி சேர்ந்த அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மாதம்மாளிடம் கேட்டேன். "ஆறு வருஷமா தெனம் என் மூஞ்சியில முழிக்கிற. நான்தான்னு தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க கேக்கலியே சார். அன்னிக்கும் கேக்கல."