ஐந்தாவது ஆளுக்கு வழி விட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை கஞ்சிக்கோடு பஸ்ஸில் இருந்தபோது காதர் பாயின் மனைவி ஜைத்தூன் அக்கா போனில் கூப்பிட்டார். “அவரு போயிட்டாருங்க அம்மிணி” என்றார். கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் என்னோடு பதினோரு வருடம் எழுத்தராக இருந்த காதர் பாய் இனி இல்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் எல்லோருக்கும் காட்டிய அந்த மரத்துண்டின் படம் நினைவிருக்கும். ஒருநாள் மதியம் செல்போனை நீட்டி, “இது என்னன்னு தெரியுதுங்களா? ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தின செக்போஸ்ட் பாஸுங்க” என்றார். சீனாவின் மேற்குப் பாலைவனத்தில், குச்சா என்ற ஊரில், தொக்காரியர்கள் என்ற பழைய மக்கள் மரத்துண்டில் எழுதியது. இன்னார் வருகிறார், கூட இத்தனை ஆள், இத்தனை கழுதை. இவர்களை விடு, இதற்கு மேல் இருந்தால் விடாதே. நாங்கள் தினமும் எழுதியதும் அதைத்தானே!

அந்தத் தொக்காரிய மொழியைப் பேசியவர்கள் மறைந்து ஆயிரம் வருடம் இருக்கும். சமஸ்கிருதத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் அது தூரத்து உறவு. எழுத்து பிராமி வழி வந்தது. லாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து, யாரிடமும் பாடம் கேட்காமல், ஆறு வருடம் அதைப் படித்தார். அம்மாவுக்கு ‘மாச்சர்’, அப்பாவுக்கு ‘பாச்சர்’ என்று சொல்லிக் காட்டுவார். “பேச ஆளில்லாத பாஷை எதுக்கு பாய்?” என்று கேலி செய்தோம். “பேசத்தான் ஆளில்லைங்க. கேக்கறதுக்குமா ஆளில்லாம போகோணும்?” என்றார்.

ஊரடங்குக் காலத்தில் திருப்பூரிலிருந்து ஒரு ஜார்க்கண்ட் குடும்பம் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை வேலைக்கு வந்தது. பாஸில் நான்கு பெயர். தாயின் முந்தானைக்குள் ஐந்தாவதாக ஒரு பச்சைக் குழந்தை, பாஸுக்கு விண்ணப்பித்த பிறகு பிறந்தது. நான்கு பேரைத்தான் விட முடியும் என்றார் பொறுப்பு அதிகாரி. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். காதர் பாய் எழுந்து போய், பாஸை வாங்கி, ‘ஐந்து: குழந்தை, பெயர் வைக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தடுப்புக் கம்பத்தைத் தானே தூக்கினார்.

“வேலை போயிருமே பாய்” என்றேன் நான்.

“இதுக்கு மேல இருந்தா விடாதேன்னு அந்த மரத்துல எழுதியிருக்குங்கல்ல? அப்படி விடாம வழியில நின்னுபோன ஆளுக என்ன ஆனாங்கன்னு ஒரு துண்டுலயும் இல்லீங்க அம்மிணி. நானும் தேடித் தேடிப் பாக்கறேன்.”

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் எழுதிய பதில் ஒரே வரி: ‘குழந்தையால் திரும்பித் தனியாகப் போக முடியாது.’ அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் ஜைத்தூன் அக்கா அவருடைய சொல் நோட்டை என் கையில் கொடுத்தார். இடப்பக்கம் தொக்காரியச் சொற்கள், வலப்பக்கம் தமிழ். உலகில் எவருக்கும் பொருள் தெரியாத சொற்கள் வரும்போது அவர் ஊகித்து எதையும் எழுதவில்லை. அளவாகக் கோடு போட்டு, இடம் விட்டிருக்கிறார். தெரியாததற்கு இத்தனை மரியாதையாக இடம் விட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த நோட்டை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.