இருபத்தொன்றும் நூறும்

அணுபுரத்திலிருந்து கிளம்பிய ஆபீஸ் பஸ்ஸில் செய்தி வந்தது. சுகுணா போய்விட்டாள். மாரடைப்பு. படித்துவிட்டு போனைப் பைக்குள் வைத்தேன். அன்று மதியம் வரை வேலை பார்த்தேன், சாப்பிட்டேன்கூட. இன்னும் அழவில்லை.

ஃபிலிம் கேமராவும் கையுமாக அவள் அலைந்ததை நம் புகைப்படக் குழுவில் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மா, மகனுடைய புதுப் படகு முதல்முறை கடலில் இறங்குவதைப் படமெடுக்கக் கூப்பிட்டிருந்தாள். சுகுணா, வெளிச்சம் கூடினால் வெளுத்துப்போகும் ஸ்லைடு ஃபிலிம் போட்டாள். வெளிச்சம் அளக்கும் பழைய மீட்டர் என் கையில். ஃபிலிமின் வேகத்தை, அதாவது அது எவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்தை வாங்கும் என்பதை, அதில் முதலில் வைக்க வேண்டும். டப்பாவில் நூறு, இருபத்தொன்று என்று இரண்டு எண்கள். ஒரே வேகத்துக்கு இரண்டு கணக்கு. மீட்டரிலும் இரண்டு கட்டங்கள். நூறு வர வேண்டிய கட்டத்தில் நான் இருபத்தொன்றை வைத்துவிட்டேன். ஃபிலிம் ரொம்ப மந்தம் என்று நம்பிய மீட்டர், தேவைக்கு நாலைந்து மடங்கு வெளிச்சம் கேட்டது.

ஸ்லைடுகள் வெள்ளையாக வந்தன. படகும் இல்லை, பையனும் இல்லை.

"மீட்டருக்கு ஃபிலிம் தெரியாது. நாம சொன்னதைத்தான் நம்பும்," என்றாள் சுகுணா. திட்டவில்லை.

"லேப்ல கெடுத்துட்டாங்கன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"லேப்காரன் என்ன பண்ணினான்? கிளம்பு, போய்ச் சொல்லிட்டு வரலாம்."

கன்னியம்மா ஸ்லைடை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "இன்னாக்கா இது? எம் புள்ள எங்க கீறான்?"

"எங்க தப்பு, கன்னியம்மா. நம்பரை மாத்தி வெச்சுட்டோம்."

"போன்ல எடுக்க வந்தவங்களயெல்லாம் குறுக்க வராதன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா, நாங்கதான் சொன்னோம்."

கன்னியம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. அதற்கப்புறம் சுகுணா பல ஞாயிற்றுக்கிழமைகள் தனியாகப் போய், படகு கரையேறுவதை எடுத்தாள். அதில் ஒன்று அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. "மொத நாள் படம் இல்லியே" என்ற குறை மட்டும் போகவே இல்லை. எண்ணை மாற்றி வைத்தது யாரென்று சுகுணா யாரிடமும் சொன்னதில்லை, தன் கணவரிடம்கூட.

சுகுணாவின் உடலை எடுத்த நாளன்று கன்னியம்மா பஸ் பிடித்து வந்திருந்தாள். கூட்டத்திலிருந்து அவளைத் தள்ளி அழைத்துப்போய், "அன்னிக்கு நம்பரைத் தப்பா வெச்சது நான்தான்" என்றேன்.

"இப்ப சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது? அப்பவே தெரியும். அந்தக்கா பேசிகினு இருந்திச்சி, நீ தலையே தூக்கல."

அதைச் சொல்லிவிட்டு சுகுணாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சுகுணாவின் கேமராவை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் அவள் வீட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அன்று கன்னியம்மாவிடம் அவள் "என் தோழி தப்பு" என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. "எங்க தப்பு" என்றாள். அந்த 'எங்க' எனக்குப் போதும்.