பிளாஷ் அடித்த சனிக்கிழமை

அண்ணாவின் பேஸ்போல் அணியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு வீட்டார் சொசேஜ் சுடுவார்கள், ஒரு வீட்டார் ஓட்டங்களைக் குறிப்பார்கள், ஒரு வீட்டார் மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுவார்கள். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு வெஸ்ட்மீட்டில் துப்புரவு வேலை. அப்பாவுக்கு ஆங்கிலமும் போதாது, விளையாட்டும் விளங்காது. பந்து எங்கே போனாலும் கைதட்டுவார். ஆகவே எங்கள் பங்கு படம் எடுப்பது என்று முடிவாயிற்று. பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது. கமரா என் கழுத்தில் தொங்கியது. எனக்கு அப்போது பதினொரு வயது.

கமரா, அப்பாவோடு தரைக்கு ஓடு பதிக்கும் ஒருவர் புதிது வாங்கியபின் எங்களுக்குத் தந்த பழையது. அணியின் மனேஜர் உரத்த குரல் கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. முதல் நாளே எனக்கு விதிகளைச் சொன்னார். வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். படங்களை அவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். பிளாஷ் கூடவே கூடாது. மட்டையோடு நிற்கும் பிள்ளைக்குக் கண் கூசினால் பந்து முகத்தில் அடித்துவிடும். மூன்றையும் கொப்பியில் எழுதி, என் பங்குக்கு இன்னும் நான்கு சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் விதி என்ற சொல்லுக்கு எடை அதிகம். மன்னாரிலிருந்து படகில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். தற்காலிக விசாவில் இருந்தோம். நல்லபடி நடந்துகொள்வேன் என்று அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். மீறினால் விசா போகும். அந்தத் தாளில் என்னென்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாததால், உலகத்திலுள்ள எல்லாமே அதில் இருப்பதாக நம்பினேன். சிவப்பு விளக்கில் வீதியைக் கடந்தால் விசா. நூலகப் புத்தகம் பிந்தினால் விசா. "சத்தம் போடாதை, பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குப் போன் அடிச்சாரெண்டால்" என்று அம்மா தொடங்குவார். அந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

டூங்கபிக்கு அப்பால் ஒரு மைதானத்தில் அன்றைய ஆட்டம். மத்தியானமே மழை இருட்டாக இருந்தது. அண்ணாதான் பந்து எறிபவன். இடையில் ஓடிவந்து கமராவைப் பறித்துப் பார்த்தான்.

"என்னடி இது, கரி பூசின மாதிரிக் கிடக்கு. போன கிழமை என்ரை காலை மட்டும் எடுத்து வச்சிருந்தாய். நீ சப்பாத்துக் கடைக்கோ படம் எடுக்கிறாய்?"

எனக்கு ரோஷம் வந்தது. கமராவின் குமிழ் எப்போதும் விளையாட்டுக்கென்று இருக்கும் ஓடும் மனிதனின் படத்தில்தான் நிற்கும். அதைப் பச்சைச் சதுரத்துக்குத் திருப்பினேன். அங்கே வைத்தால் வெளிச்சத்தைக் கமராவே பார்த்துக்கொள்ளும் என்று கையேட்டில் வாசித்திருந்தேன். எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.

அண்ணா கையை உயர்த்தினான். நான் பொத்தானை அமுக்கினேன். கமரா சற்றுத் தயங்கியது. அதன் தலையில் ஏதோ டக்கென்று எழும்பியது. வேலி முழுவதும் வெள்ளையாக ஒளிர்ந்து அணைந்தது. மட்டையோடு நின்ற பையன் மண்ணில் கிடந்தான்.

அவன் வாயிலிருந்து இரத்தம் வந்தது. யாரோ ஐஸ் கொண்டு ஓடினார்கள். எல்லோரும் அண்ணாவைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் விரித்து, பிளாஷ் அடித்தது, நான் கண்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள்.

விழுந்த பையனின் தகப்பன் எங்களை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் மனேஜர், கையில் விபத்துப் படிவத்தோடு. பிளாஷ் அடித்தது யார் என்று அந்த மனிதர் கேட்டார். ஓடிவிட நினைத்தேன்.

அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"மீ," என்றார், நெஞ்சைத் தொட்டு. "மை போட்டோ. டோட்டர், நோ."

மனேஜர் என் கழுத்தில் தொங்கிய கமராவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு குனிந்து அப்பாவின் பெயரை எழுதினார். பள்ளிக்கூடச் சுற்றுலாத் தாளுக்கே நாலு பேரிடம் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் அப்பா, அந்தப் படிவத்தை வாசிக்காமலே போட்டார். மனேஜர் கேட்டபோது கமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

காரில் அண்ணா மெல்ல, "நான் இவளைச் சொல்லேல்லை அப்பா, பிளாஷைத்தான்" என்று தொடங்கினான்.

"வாயை மூடிக்கொண்டு வா," என்றார் அப்பா. பிறகு என்னிடம், "அம்மாட்டை ஒண்டும் சொல்லாதை பிள்ளை."

அந்தக் கிழமை முழுவதும் பள்ளி விட்டதும் முதல் ஆளாக ஓடிவந்து கடிதப் பெட்டியைப் பார்த்தேன். வீட்டுக்கு எதிரே வெள்ளைக் கார் நின்றால், அது போகும்வரை குளியலறையில் இருந்தேன். திருப்பி அனுப்பினால் கொண்டுபோக வேண்டியவற்றை எழுதினேன்: பள்ளி அறிக்கைகள், குளிர்ச்சட்டை, அம்மாவின் மாதா படம். மன்னாரில் குளிர்ச்சட்டை எதற்கு என்று அதைக் கோடு போட்டு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். குமிழைத் திருப்பியது நான்தான் என்று சொல்ல ஒரு ஆங்கில வாக்கியம் தயாரித்தேன். அதை யாரிடமும் சொல்லும் துணிவு வரவில்லை.

அப்பா பயந்ததாக எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், செபம் சொன்னார். தொலைபேசி அடித்தால் மட்டும், இருந்த கதிரையை விட்டு எழும்பி நின்று பேசினார்.

அடுத்த சனி மனேஜர் அப்பாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன். அந்தப் பையனின் தகப்பனும் பக்கத்தில் நின்றார். மடிக்கணினியில் என் படம் திறந்திருந்தது. பையனின் தலை ஒரு பக்கம் திரும்பி, ஹெல்மெற் சரிந்திருந்தது. பந்து அவன் முகத்தில் பட்டுத் தெறித்து, இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. மனேஜர் விரலால் காட்டி எங்களுக்கு விளக்கினார்: முதலில் பந்து, பிறகுதான் வெளிச்சம். பிளாஷை எழுப்பவும் குறிபார்க்கவும் அந்தப் பழைய கமரா எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது. பையனின் உதட்டில் இரண்டு தையல், வேறொன்றுமில்லை. தகப்பன் அப்பாவின் கையைக் குலுக்கி, மகன் தன் அறையில் மாட்ட அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்கிறான் என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. அப்பாவுக்கு இது முதலே தெரியும். தெரிந்தபடியால்தான் அவ்வளவு துணிவாக நெஞ்சைத் தொட்டார் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பல வருடங்கள் அப்படியே நினைத்திருந்தேன். அப்பா முன்னால் வந்து நின்ற நேரம் முதல் கார்டு மனேஜரின் கைக்குப் போகும்வரை கமரா என் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை. எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைக்கும் நான் இந்த வரிசையை மட்டும் எழுதிப் பார்க்கவில்லை.

மனேஜர் மடிக்கணினியை மூடியதும் அப்பா கொட்டகைக்குப் பின்னாலிருந்த குழாயடிக்குப் போனார். குனிந்து முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"கெதியா வாங்கோ அப்பா, தொடங்கப்போகினம்," என்றேன்.

திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, நில் என்று காட்டினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இவர் முகத்தில் அப்படி என்ன ஊத்தை என்று சலித்துக்கொண்டு, கமராவை எடுத்துக்கொண்டு நான் வேலியடிக்கு ஓடினேன்.